ஒரே ஹால்ல உக்கார வெச்சா டீம் ஒர்க் வந்துடுமா?

கேள்வி கேட்டவங்க ஓசூர் பக்கம் ஒரு பார்மசி காலேஜ்ல புதுசா லெக்சரரா சேந்திருக்காங்க. அதே மேனேஜ்மென்ட்டுக்கு நர்சிங் காலேஜும் பிசியோதெரபி காலேஜும் இருக்காம், ஒரு மெடிக்கல் காலேஜோடவும் பேசி வெச்சிருக்காங்களாம், நாலு கோர்ஸ் பசங்களையும் சேத்து டீம் ஒர்க் கிளாஸ் நடத்துங்கன்னு இவங்க தலையில கட்டிட்டாங்க. எந்த வருஷத்துல ஆரம்பிக்கறது, எத்தனை மணி நேரம், லெக்சர் போதுமா, எம்பிபிஎஸ் பசங்க மத்தவங்களோட சமமா உக்காருவாங்களான்னு நாலு கேள்வி. ஆனா கடைசி வரியில "இதனால நிஜமாவே ஏதாவது மாறுமா, இல்ல போட்டோ எடுத்து ரிப்போர்ட் அனுப்பறதோட முடிஞ்சுடுமா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் உங்க மனசுல இருக்கற கேள்வின்னு எடுத்துக்கிட்டு அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், மத்த நாலும் நடுவுல வந்துடும்.

நான் தர்மபுரிக்காரி. பிஎஸ்சி நர்சிங் முடிச்சு 9 வருஷம் வார்டு டூட்டி, அப்புறம் எம்எஸ்சி முடிச்சு இப்ப 14 வருஷமா நர்சிங் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறேன், அதுல கடைசி ஆறு வருஷமா மெடிக்கல், பார்மசி, பிசியோ பசங்களோட எங்க பசங்களையும் கலந்து கிளாஸ் நடத்தற குழுவுல இருக்கேன். டென்டல் பசங்களோடவும் லேப் டெக்னீசியன் பசங்களோடவும் நடத்தினதில்ல, அதனால கீழ சொல்றது இந்த நாலு கோர்ஸுக்கு மட்டும்தான்னு வெச்சுக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். உலக சுகாதார நிறுவனம் 2010ல இதுக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுக்கு முன்னாடி 1988லயே ஒரு அறிக்கை இருக்கு. அதுல சொல்றது என்னன்னா ரெண்டு இல்ல அதுக்கு மேற்பட்ட தொழில் படிக்கறவங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் தெரிஞ்சுக்கணும், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்கணும், ஒருத்தரோட ஒருத்தர் சேந்து கத்துக்கணும், அதனால நோயாளிக்கு நல்லது நடக்கணும். மூணும் இருக்கணும். நாலு கோர்ஸ் பசங்களையும் ஆடிட்டோரியத்துல உக்கார வெச்சு ஒரு புரொபசர் ஒன்றரை மணி நேரம் டீம் ஒர்க் பத்தி ஸ்லைடு போட்டா இந்த மூணுல ஒண்ணு கூட நடக்காது. நான் பாத்தவரைக்கும் எம்பிபிஎஸ் பசங்க முன் வரிசை, நர்சிங் பிள்ளைங்க பின்னாடி யூனிஃபார்மோட ஒரு பக்கமா, பார்மசி பிசியோ கதவு பக்கம், வந்த மாதிரியே எழுந்து போயிடுவாங்க. அதனால உங்க "லெக்சர் போதுமா"வுக்கு பதில் போதாதுங்கறதுதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஏன் இவ்ளோ அழுத்தமா சொல்றேன்னா எனக்கு நடந்த ஒண்ணு இருக்கு. வார்டுல சேந்து ரெண்டாவது வருஷம், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அய்யா, பக்கவாதம், இடது பக்கம் விழுந்துடுச்சு, நல்ல உழைப்பாளி, எந்நேரமும் ராகி அறுவடை பத்தியே பேசுவாரு. காலைல பெட்ஷீட் மாத்தணும், 34 பெட்டுக்கு நாங்க ரெண்டு பேரு. நான் அவரோட விழுந்த கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன், அப்ப எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். பக்கவாதத்துல விழுந்த கைக்கு தோள்மூட்டை இறுக்கிப் புடிச்சிருக்கற தசை தளந்து போயிருக்கும், அந்தக் கையப் புடிச்சு இழுத்தா மூட்டு கீழ எறங்கிடும், வலி மாசக்கணக்குல போகாது. இது எனக்கு அன்னிக்கு தெரியாது. பக்கத்து பெட்டுல ஒரு பிசியோ பையன், ஃபைனல் இயர், ஆறடி தூரத்துல நின்னு பாத்துட்டே இருந்தான், அவனுக்குத் தெரியும். அஞ்சு நாளும் நான் இழுத்தேன், அஞ்சு நாளும் அவன் பாத்தான். ரெண்டு மாசம் கழிச்சு அந்த அய்யா ஓபிக்கு வந்தப்ப கைய துண்டுல கட்டித் தொங்க விட்டிருந்தாரு, "நடை வந்துடுச்சும்மா, இந்தத் தோளுதான் ராத்திரில தூங்க விடமாட்டேங்குது"ன்னாரு. வலிக்கு வேற காரணமும் இருந்திருக்கலாம், நான் இழுத்ததுதான்னு ஆணியடிச்ச மாதிரி சொல்ல முடியாது, ஆனா அந்தப் பையன் அப்புறம் எங்கிட்ட வந்து "அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன் சிஸ்டர், திட்டுவீங்களோன்னு பயந்துட்டேன்"னு சொன்னது இன்னும் காதுல இருக்கு.

இதுல ரெண்டு குறை இருக்கு. அவன் வேலை என்னன்னே எனக்குத் தெரியல, காலை அசைச்சு விட்டுட்டுப் போறவங்கன்னுதான் நெனச்சிருந்தேன். தெரிஞ்ச அவனுக்கோ வாயைத் தொறந்து சொல்ல வழி தெரியல. நாங்க ரெண்டு பேருமே நல்லாப் படிச்சவங்கதான், அவங்கவங்க பரீட்சையில நல்ல மார்க்குதான், நடுவுல இருந்த ஆறடிய தாண்டறதுக்கு மட்டும் யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க நடத்தப் போற கிளாஸுக்கு இந்த ரெண்டு குறைதான் சிலபஸ், வேற சிலபஸ் தேட வேண்டாம்னு நான் சொல்லுவேன்.

இனி மாறுமா மாறாதாங்கற கேள்வி. இதுல தெரிஞ்சதையும் தெரியாததையும் கலக்காம சொல்றேன். மாணவங்களோட எண்ணம் மாறுது, மத்தவங்க வேலை என்னன்னு அறிவு கூடுது, இது பல நாட்டுல திரும்பத் திரும்ப பாத்தாச்சு, இதை நம்பலாம். ஆனா அதனால நோயாளிக்கு நல்லது நடந்துச்சான்னு கேட்டா ஆதாரம் மெலிசுதான். ஆராய்ச்சிகளை சலிச்சு எடுக்கற காக்ரேன் குழு 2013ல பாத்தப்ப அவங்க வெச்ச தரத்துக்கு தேறினது மொத்தமே 15 ஆய்வு, அதுலயும் சிலதுல நல்ல பலன், சிலதுல கலவையான பலன், சிலதுல ஒண்ணுமில்ல, பொதுவா இப்படித்தான்னு முடிவு சொல்ல முடியலன்னுதான் எழுதினாங்க. அதுவும் பெரும்பாலும் வேலையில இருக்கறவங்கள வெச்சு, படிக்கற பசங்கள வெச்சு இல்ல. அதனால உங்க மேனேஜ்மென்ட் யாராவது இதை நடத்தினா ஆஸ்பத்திரியில சாவு குறையும்னு போஸ்டர் அடிக்கச் சொன்னா அடிக்காதீங்க.

ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட் கதை இதுக்கு நல்ல பாடம். உலக சுகாதார நிறுவனம் 2008ல 19 கேள்வியோட ஒரு பட்டியல் குடுத்தாங்க, அதுல ஒண்ணு கத்தி வைக்கறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கற எல்லாரும் பேரும் வேலையும் சொல்லி அறிமுகம் பண்ணிக்கணும். 2009ல வந்த ஆய்வுல டெல்லி உட்பட 8 நகரத்துல 8 ஆஸ்பத்திரியில சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு எறங்குச்சு. உலகமே எடுத்துக்கிச்சு. அப்புறம் 2014ல கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரியில கட்டாயமா கொண்டு வந்து பாத்தப்ப சொல்லிக்கற மாதிரி எந்த வித்தியாசமும் இல்ல. ஏன்னு இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க, என் கருத்து என்னன்னா டிக் அடிக்கறது ஈஸி, பேர் சொல்லி பேசறதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டமான பாகத்த யாரும் சொல்லிக் குடுக்காம பேப்பர மட்டும் குடுத்தா பேப்பர் மட்டும்தான் நிரம்பும்.

சேந்து பழகினா தானா மதிப்பு வந்துடும்னும் நெனைக்காதீங்க. கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1954லயே சொன்னது, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்கற தப்பெண்ணம் சும்மா கலந்து விட்டா போகாது, அந்த எடத்துலயாவது ரெண்டு பேரும் சமம்னு இருக்கணும், பொதுவா ஒரு குறிக்கோள் இருக்கணும், போட்டியில்லாம சேந்து வேலை செய்யணும், மேல இருக்கறவங்க அதுக்கு ஆதரவா நிக்கணும். இந்த நாலும் இல்லாம கலந்தா சில சமயம் இருந்த எண்ணம் கெட்டிப்பட்டுடும். இதை நான் கண்ணால பாத்திருக்கேன், எங்க மொத வருஷ கிளாஸ்ல ஒவ்வொரு குரூப்புலயும் எம்பிபிஎஸ் பையனே பேசினான், எங்க பிள்ளைங்க நோட்டுல எழுதிக் குடுத்தாங்க, முடிஞ்சு வெளிய வந்த ஒரு பொண்ணு "மேடம் இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்"னு சொல்லிச்சு. அது சொன்னது சரிதான், தப்பு நாங்க பண்ணது.

அடுத்த வருஷம் மாத்தினோம். யாராலயும் தனியா முடிக்க முடியாத ஒரு கேஸ் குடுக்கணும்னு யோசிச்சு பாம்புக்கடி எடுத்தோம். நம்ம பக்கம் பாலக்கோடு, அரூர், அஞ்செட்டி எங்க போனாலும் பாம்புக்கடி பாக்காத குடும்பம் கம்மி, அதனால எந்தக் கோர்ஸ் பசங்களுக்கும் விளக்கம் தேவைப்படாது. கேஸ் இதுதான்: சோளக்காட்டு கொட்டாயில தரையில படுத்திருந்த 40 வயசு ஆளு, ராத்திரி மூணு மணிக்கு வயித்து வலின்னு எழுந்தாரு, கடிச்ச தடம் எதுவும் தெரியல, 108ல வந்திருக்காரு. எங்க காலேஜ் அட்டெண்டர் ஒருத்தர்தான் நோயாளியா நடிப்பாரு, பிரமாதமா நடிப்பாரு. ஒரு குரூப்புக்கு எம்பிபிஎஸ் ரெண்டு, நர்சிங் ரெண்டு, பார்மசி ரெண்டு.

பாம்புக்கடின்னா 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் உண்டு, தெரியாதவங்களுக்காக சொல்றேன், 2 மில்லி ரத்தம் எடுத்து புதுசா, சுத்தமா, காஞ்சு இருக்கற கண்ணாடி டெஸ்ட் டியூப்ல விட்டு 20 நிமிஷம் ஆடாம அசையாம வெச்சு அப்புறம் ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும், உறையாம தண்ணியா ஓடினா கண்ணாடி விரியன் மாதிரி விஷம் ரத்தத்தை கெடுத்திருக்குன்னு அர்த்தம். இவ்ளோ சின்ன டெஸ்ட்டுலயே எத்தனை பேரு கை இருக்குன்னு பாருங்க. ரத்தம் எடுக்கறது நர்ஸ், டியூப் எங்க இருந்து வந்துச்சோ அது ஸ்டோர், டைம் எழுதறது ஒருத்தர், சாய்ச்சுப் பாக்கறது ஒருத்தர். பிளாஸ்டிக் டியூப்ல விட்டாலோ சோப்பு போட்டு கழுவின டியூப்ல விட்டாலோ நல்ல ரத்தமே உறையாம நின்னுடும், தேவையில்லாத ஆளுக்கு விஷமுறிவு மருந்து ஏறிடும், அதுக்கு வர்ற அலர்ஜிய வேற சமாளிக்கணும். அவசரத்துல அஞ்சாவது நிமிஷமே ஒருத்தர் எடுத்து ஆட்டிப் பாத்தாலும் டெஸ்ட் கெட்டுடும். நான் என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லி ரெண்டு டியூப்ல விடுவேன், ஒண்ணு புதுசு, ஒண்ணு வேணும்னே சோப்புத்தூள்ல கழுவிக் காய வெச்சது, எதுன்னு சொல்லமாட்டேன்.

அந்த 20 நிமிஷம்தான் எங்க கிளாஸ். மொத அஞ்சு நிமிஷம் எல்லாரும் டியூபையே பாப்பாங்க. அப்புறம் பேச ஆரம்பிப்பாங்க, ஏன்னா வேற வேலை இல்ல. பார்மசி பொண்ணு விஷமுறிவு மருந்து பாட்டில எண்ணும், பொடியா இருக்கறத கரைக்கறப்ப எம்பிபிஎஸ் பையன் வேகமா குலுக்குவான், அது "குலுக்காதீங்க, நுரை கட்டிடும், மெதுவா உருட்டுங்க"ன்னு சொல்லும், அவன் திரும்பிப் பாப்பான், அவனுக்கு அது புதுசு. பன்னெண்டாவது நிமிஷம் நாங்க சொல்லி வெச்ச மாதிரி அட்டெண்டர் கண்ணிமைய மெல்ல எறக்குவாரு, வாயால எதுவும் சொல்லமாட்டாரு. இதை பெரும்பாலும் மொதல்ல பாக்கறது நர்சிங் பிள்ளைதான், ஏன்னா நாடி புடிச்சுக்கிட்டு தலைமாட்டுல நிக்கறது அதுதான். பாத்துட்டு என்ன பண்ணும்னு நெனைக்கறீங்க, பக்கத்துல இருக்கற இன்னொரு நர்சிங் பிள்ளை காதுல சொல்லும். ரெண்டு பேரும் பாத்துப்பாங்க. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் போயிடும். எம்பிபிஎஸ் பசங்க கண்ணு டியூப்லயே இருக்கும். இது கட்டுவிரியன் கேஸ், கட்டுவிரியன் கடிச்சா ரத்தம் ஒழுங்கா உறையும், டியூப் நல்லா இருக்குன்னு காட்டும், விஷம் நரம்புல ஏறி மூச்சு நிக்கும். இமை எறங்கினா டியூபுக்கு காத்திருக்கவே கூடாது, மருந்து ஆரம்பிக்கணும், மூச்சுக்கு ரெடியாகணும். அதாவது அந்த நேரத்துல அந்த அறையில முக்கியமான விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு அந்தப் பிள்ளை, அது குசுகுசுன்னு பேசிட்டு நிக்குது.

முடிஞ்சதும் உக்காந்து பேசறப்ப நான் யாரையும் திட்டமாட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட எத்தனாவது நிமிஷம் பாத்தேன்னு கேப்பேன். பன்னெண்டுன்னு சொல்லும். எம்பிபிஎஸ் பையன்கிட்ட உனக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு கேப்பேன். பதினாலுன்னு சொல்லுவான். அதுக்கு மேல நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல, அவனே அது பக்கம் திரும்பி "ஏன் சொல்லல"ன்னு கேப்பான், அது "நீங்க பிசியா இருந்தீங்க"ன்னு சொல்லும், அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க, ஒரு வருஷம் முழுக்க லெக்சர் எடுத்தாலும் அந்த அமைதி கிடைக்காது.

அடுத்தது வாயைத் தொறக்கப் பழக்கறது. இதுக்கு அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து வந்த ஒரு முறை இருக்கு, எஸ்பார் (SBAR)னு சொல்லுவாங்க, கைசர் பெர்மனன்ட்டேங்கற ஆஸ்பத்திரி குழுமம் அதை மருத்துவத்துக்கு கொண்டு வந்துச்சு. நாலே படி: இப்ப நிலைமை என்ன, பின்னணி என்ன, எனக்கு என்னன்னு தோணுது, என்ன பண்ணணும்னு கேக்கறேன். இதை இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ண வெச்சா பரீட்சைக்கு உதவும், ராத்திரி ரெண்டு மணிக்கு உதவாது. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. "டாக்டர், மூணாம் பெட் பெரியவருக்கு இமை எறங்குது, ராத்திரி தரையில படுத்திருந்தாரு, கட்டுவிரியனா இருக்கும்னு எனக்குப் படுது, இப்பவே வந்து பாருங்க." அவ்ளோதான். மூணாவது படியிலதான் எங்க பிள்ளைங்க மாட்டிக்கும், எனக்கு என்ன தோணுதுன்னு நான் எப்படி சொல்றது, அது டாக்டர் வேலையில்லயான்னு கேக்கும். சத்தமா, நின்னுக்கிட்டு, பத்து தடவை சொல்ல வைங்க, நாக்குல பழகணும். அதே மாதிரி எம்பிபிஎஸ் பசங்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கு, யாராவது இப்படி சொன்னா மொத வார்த்தை "சொல்லுங்க"ன்னுதான் வரணும், "எனக்குத் தெரியும்"னு வரக்கூடாது. இது சின்னதா தெரியும், சொல்லிப் பழக்கறது பெரிய பாடு.

பிசியோ பசங்கள பாம்புக்கடியில ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. ஒரு வருஷம் சேத்தோம், அவங்களுக்கு வேலையே இல்ல, ஓரமா நின்னாங்க. எல்லா கேஸ்லயும் எல்லாரையும் திணிக்கக் கூடாது. அவங்களுக்கு பக்கவாதம் கேஸ் வெச்சோம், அதுல அவங்கதான் லீடர், மத்த மூணு கோர்ஸும் அவங்க சொல்றபடி நோயாளிய படுக்க வைக்கணும், உக்கார வைக்கணும், தோள புடிக்காம எப்படி தூக்கறதுன்னு காட்டுவாங்க. அந்த கிளாஸ நான் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்ல, நானே நடத்துவேன்.

எந்த வருஷம்ங்கறதுல ரெண்டு கட்சி இருக்கு. தப்பெண்ணம் ஊறறதுக்கு முன்னாடி மொத வருஷமே வேணும்னு ஒரு கட்சி, தன் வேலையே தெரியாதவன் இன்னொருத்தனுக்கு என்ன சொல்லுவான், கடைசி வருஷம்தான் சரின்னு ஒரு கட்சி, ரெண்டுக்கும் நியாயம் இருக்கு, தீர்ப்பு வரல. ஸ்வீடன்ல லின்ஷோப்பிங்ல 1986லயே மொத நாள்ல இருந்து சேத்துப் படிக்க வெச்சாங்க, அப்புறம் 1996ல சீனியர் பசங்களுக்குன்னு ஒரு வார்டையே குடுத்து சேந்து நடத்த வெச்சாங்க, அதாவது ரெண்டு முனையிலயும் புடிச்சாங்க. நமக்கு அந்த வசதி இல்ல, அதனால நான் சொல்றது மொத வருஷத்துல அரை நாள் மட்டும், ஒவ்வொரு பையனும் வேற தொழில்காரர் ஒருத்தர் பின்னாடி நிழல் மாதிரி போகணும், எம்பிபிஎஸ் பையன் ஸ்டாஃப் நர்ஸ் பின்னாடி, நர்சிங் பிள்ளை பார்மசிஸ்ட் பின்னாடி, வந்து ஒரே ஒரு பக்கம் எழுதணும். அப்புறம் மூணாவது வருஷத்துல ரெண்டு கேஸ், ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஆரம்பத்துல போகாதீங்க, டைம் டேபிள் உங்கள கொன்னுடும்.

முடிஞ்சா ஒரு நாள் ஊருக்குள்ள கூட்டிட்டுப் போங்க, நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் அதுக்கு நல்ல காரணம் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆரம்பிச்சதே உங்க கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான், வீட்டுக்கு வீடு போற பெண் தன்னார்வலர், பிசியோ, நோய்த்தணிப்பு சிகிச்சை நர்ஸ், எல்லாம் ஏற்கனவே டீமா வேலை செய்யறவங்க, பசங்க தனியா டீம்னா என்னன்னு கற்பனை பண்ண வேண்டியதில்ல, அவங்க பின்னாடி நடந்தாலே போதும். எம்பிபிஎஸ் பசங்களுக்கு 2022ல இருந்து குடும்பத் தத்தெடுப்புன்னு, அதாவது ஊர்ல சில குடும்பத்தை எடுத்துக்கிட்டு தொடர்ந்து போய்ப் பாக்கறது, சிலபஸ்லயே இருக்கு, நர்சிங்குக்கு கம்யூனிட்டி போஸ்டிங் இருக்கு, ரெண்டு பேரும் வேற வேற ஊருக்குப் போறாங்க, ஒரே ஊருக்கு ஒரே நாள் அனுப்பச் சொல்லி ரெண்டு பிரின்சிபாலும் பேசினா காசு செலவில்லாம நடந்துடும்.

நாங்க போனது தர்மபுரி பக்கம் ஃப்ளூரைடு இருக்கற ஒரு ஊருக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்ததுக்கப்புறமும் போர் தண்ணி குடிக்கற வீடு இருக்கு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளூரைடு இருக்கற தண்ணிய வருஷக்கணக்குல குடிச்சா பல்லு காவியாகும், அதையும் தாண்டினா எலும்பு இறுகும். ஒரு வீட்டுல 55 வயசு அம்மா, மூட்டு வலின்னு சொன்னாங்க. எம்பிபிஎஸ் பையன் முட்டிய அமுக்கிப் பாத்துட்டு தேய்மானம்னு எழுதினான். பிசியோ பொண்ணு ஒரு ரெண்டு ரூபா காசை தரையில போட்டு முட்டிய மடக்காம குனிஞ்சு எடுங்கம்மான்னு சொல்லிச்சு, அவங்களால முடியல, தாடைய நெஞ்சுல தொடச் சொன்னா அதுவும் முடியல, கைய தலைக்குப் பின்னாடி கொண்டு போகவும் முடியல. ஃப்ளூரோசிஸுக்கு களத்துல பண்ற டெஸ்ட்டே இந்த மூணும்தான். நர்சிங் பிள்ளை அடுப்படிக்குள்ள போய் எந்தக் குடத்துத் தண்ணியில சமைக்கறீங்கன்னு கேட்டுச்சு, குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணி, சோறு குழம்பு ராகிக்களி எல்லாம் போர் தண்ணி. பார்மசி பையன் கேட்டப்ப பெட்டிக்கடையில வாங்கின வலி மாத்திரை அட்டை அட்டையா சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு, எத்தனை வருஷமா சாப்பிடறாங்கன்னு அவங்களுக்கே கணக்கில்ல. ஒரே அம்மா, நாலு பேரு பாத்த நாலு விஷயம். அந்த எம்பிபிஎஸ் பையன் தான் எழுதினத அடிச்சிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட காசு டெஸ்ட்ட மறுபடி காட்டச் சொல்லிக் கேட்டான். அந்த அம்மாவுக்கு பாதி தெலுங்குதான், எங்களுக்கு நடுவுல பேசிக் குடுத்தது அந்த ஊரு அங்கன்வாடி ஆயா, அவங்க இல்லைன்னா குடத்து விஷயம் வெளிய வந்தே இருக்காது, அதனால டீம்னா டிகிரி இருக்கறவங்க மட்டும்னு பசங்க நெனச்சுடாம பாத்துக்கோங்க.

எம்பிபிஎஸ் பசங்க உக்காருவாங்களான்னு கேட்டீங்க. பசங்க பிரச்சனையே இல்ல, ஆசிரியர்கள்தான். ரெண்டு வேற தொழில் ஆசிரியர் சேந்து நடத்தணும், பசங்க முன்னாடியே ஒருத்தர ஒருத்தர் மரியாதையா மறுத்துப் பேசணும். மெடிக்கல் புரொபசர் வந்து திறந்து வெச்சுட்டு கெளம்பிட்டா பசங்க அதைத்தான் கத்துப்பாங்க. மெடிக்கல் காலேஜ்ல டைம் இல்லைன்னு சொன்னா 2019 எம்பிபிஎஸ் சிலபஸ காட்டுங்க, டாக்டருக்கு சொல்லியிருக்கற அஞ்சு பொறுப்புல ஒண்ணு மருத்துவக் குழுவோட தலைவராவும் உறுப்பினராவும் இருக்கறது, ரெண்டாவது வார்த்தைய விரல வெச்சுக் காட்டுங்க. அப்புறம் இன்டர்னல்ல அஞ்சு மார்க்காவது வாங்கிக் குடுங்க, நாலு காலேஜுக்கும் ஒரே அளவு, குரூப்புக்கே ஒரே மார்க். மார்க் இல்லாத கிளாஸுக்கு ரெண்டாவது வாரம் கூட்டம் பாதியாயிடும், இது அனுபவம். கடைசியில ஃபார்ம் குடுத்து நல்லா இருந்துச்சான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் போடுவாங்க, அதுக்குப் பதிலா இமை எறங்கினதுல இருந்து சத்தமா சொன்ன வரைக்கும் எத்தனை செகண்டுன்னு ஒரு ஆள் வெச்சு குறிச்சு வைங்க, அடுத்த கிளாஸ்ல திரும்பக் குறிங்க.

ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன். இங்க பழகின பசங்க வேலைக்குப் போற வார்டுல சீனியர் யாரும் காது குடுக்கலைன்னா ஆறு மாசத்துல மறுபடி குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுடறாங்க, திரும்பி வந்து சொல்ற பழைய பிள்ளைங்க பாதி பேரு அப்படித்தான் சொல்றாங்க. 34 பெட்டுக்கு ரெண்டு நர்ஸ்ங்கறதையும் உங்க கிளாஸ் மாத்தாது. மீதி பாதி பேரு ஃபோன் பண்ணி "மேடம், நான் சொன்னேன், கேட்டாங்க"ன்னு சொல்றாங்க, நான் அதுக்காகத்தான் நடத்தறேன்.

பாம்புக்கடியில ஆரம்பிக்கறதா இருந்தா கண்ணாடி டியூப் லேப் ஸ்டோர்ல கேட்டா பழசத்தான் குடுப்பாங்க, புதுசா ஒரு டஜன் தனியா வாங்கிடுங்க, யாரும் கழுவி அடுக்கிடாம டப்பா மேல எழுதி ஒட்டிடுங்க. நோயாளியா நடிக்கறவர மொத நாளே கூப்பிட்டு இமை எறக்கறத கண்ணாடி முன்னாடி பழகச் சொல்லுங்க, வேகமா எறக்கினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும், ரெண்டு நிமிஷம் எடுத்துக்கணும்.